பாலாற்றின் இரு கரையிலும் ஒரே வட்டு

மே 5

கத்திரி தொடங்கிவிட்டது. வேலூர்க்காரனுக்கு இதைக் காலண்டர் சொல்ல வேண்டியதில்லை. சத்துவாச்சாரி அலுவலகத்தில் தரவு வட்டுகள் அடுக்கிய பழைய ஸ்டோரேஜ் பெட்டியை மாற்ற முதலாளி ஒருவழியாகத் தலையசைத்திருக்கிறார். ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையின் ஆர்டர், சம்பளம், ஏற்றுமதிக் காகிதம் என்று எல்லா மெய்நிகர் சர்வர்களும் அந்த ஒற்றைப் பெட்டியை நம்பித்தான் ஓடுகின்றன. இனி இங்கே ஒரு பெட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடி கிளையில் இன்னொன்று. எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். சர்வர்களின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வட்டாகத் தெரிய வேண்டும்.

மே 9

வட்டுக் கணக்கு. பெட்டிக்கு 12 டெராபைட் வட்டு பத்து. வட்டு செத்தாலும் தரவு பிழைக்கும்படி பல வட்டுகளில் பரப்பி எழுதும் முறைதான் ரெய்டு. விற்பனையாளர் ஒரு வட்டின் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 போதும் என்கிறார். ஒரு வட்டு செத்தால் மாற்று வட்டை நிரப்ப, வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 22 மணி நேரம் ஆகும். அதுவும் சர்வர்கள் சும்மா இருந்தால். வேலை நேரத்தில் இரண்டு மூன்று நாள்கூட இழுக்கும். அவ்வளவு நேரமும் மீதி வட்டுகள் ஓய்வில்லாமல் படிக்கப்படும். எல்லாமே ஒரே சமயத்தில் வாங்கியவை, ஒரே வயது. அப்போது இரண்டாவது போனால் ரெய்டு 5 கையை விரித்துவிடும். ரெய்டு 6 தாங்கும். எனவே ரெய்டு 6.

பத்தில் இரண்டு வட்டின் இடம் கழிந்து 96 டெராபைட். அதே நகல் காட்பாடியிலும். கணக்காளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “240 வாங்கி 96 தானா? மீதி எங்கே, தம்பி?” விளக்கினேன். பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை.

மே 14

விற்பனையாளரின் வரைபடத்தில் எல்லாம் இரட்டை. சர்வருக்கு இரண்டு போர்ட், சர்வரையும் பெட்டியையும் இணைக்க இரண்டு ஃபைபர் சேனல் சுவிட்ச், பெட்டிக்கு அதன் மூளையாக இரண்டு கண்ட்ரோலர். இரண்டு சுவிட்சுகளையும் ஒன்றோடொன்று இணைக்கவில்லை. சரிதான், ஒன்றில் ஸோனிங்கை, அதாவது எந்த சர்வர் எந்தப் பெட்டியைப் பார்க்கலாம் என்ற அமைப்பை, குழப்பினாலும் மற்றதற்குப் பரவாது. காட்பாடிக்கு இரண்டு நிறுவனங்களின் ஃபைபர். ஆனால் அந்தப் படத்தில் பாலாறு இல்லை.

கேபிள் போடும் பையனை அழைத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தால், இரண்டு ஆரஞ்சுக் குழாய்களும் ஒரே துருப்பிடித்த இரும்புப் பட்டையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகின்றன. “கரையேறியதும் ரெண்டும் ஒரே குழிதான் அண்ணா,” என்றான். இரண்டு கம்பெனிக்கு இரண்டு பில், அறுப்பதற்கு ஒரே ஜேசிபி போதும். பாலாறு வெறும் மணல்தானே என்பவர்கள் 2021 நவம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டார்கள்.

மே 17

இரண்டாவது கேபிளை ஆற்காடு வழியாகத் திருப்பக் கேட்டிருக்கிறேன். அங்கே ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றைக் கடந்து காட்பாடிக்குத் திரும்பும். சுமார் 50 கிலோமீட்டர் சுற்று. கண்ணாடி இழையில் ஒளிக்கு ஒரு கிலோமீட்டர் கடக்க 5 மைக்ரோ வினாடி. போய்வர அரை மில்லி வினாடி. அந்தக் கரையில் பதிந்த பிறகே எழுதும் வேலை முடியும் என்பதால், ஒவ்வொரு முறை எழுதும்போதும் இந்தத் தாமதம் சேரும். தாங்கும். தூரத்துக்கேற்ப சுவிட்சில் பஃபர் கிரெடிட்டை, அதாவது பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்பக்கூடிய தரவின் அளவை, கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மே 20

இரண்டு கேபிளும் சேர்ந்து அறுந்தால்? இரு பெட்டிகளும் ஆளுக்கு ஆள் மற்றவன் செத்துவிட்டான் என்று நம்பித் தனித்தனியே எழுதத் தொடங்கும். பிறகு எது மெய்யான தரவு என்று பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. அதற்குத்தான் மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி இயந்திரம். அதன் ஓட்டு எந்தப் பக்கமோ அது மட்டும் ஓடும். விற்பனையாளர் அதைச் சத்துவாச்சாரியிலேயே வைக்கலாம் என்றார். இந்த அறையில் மின்சாரம் போனால் பெட்டியும் சாட்சியும் சேர்ந்தே போகும், மிஞ்சிய காட்பாடியும் ஓட்டில்லாமல் நின்றுவிடும். தொழிற்சாலையில், தனி இணையத் தொடர்போடு வைக்கிறோம்.

மே 24

ஒப்புதல் வந்தது. ஆற்காடு கேபிளும் சாட்சி இயந்திரமும் தப்பின. காந்த நாடாவில் தனியே எடுத்து வைக்கும் நகலான டேப் பேக்கப்பைக் கணக்காளர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்: “இரண்டு நகல் இருக்கும்போது மூன்றாவது எதற்கு?” இங்கே ஒருவர் ஒரு கோப்பை அழித்தால் அடுத்த நொடியே காட்பாடியிலும் அது அழியும் என்று எழுதி, டேப்பை மறுபடி சேர்த்து அனுப்பிவிட்டேன்.