இருவர் பெயரில் இருந்த வீடு ஒருவர் பெயருக்கு வந்த விதம்

நானும் என் கணவரும் பிரிந்து வாழத் தொடங்கியபோது எங்களுக்குள் தீர்க்க வேண்டியிருந்த சொத்து ஒன்றே ஒன்றுதான்: இருவர் பெயரிலும் கிரயம் செய்து, இருவர் பெயரிலும் வங்கிக் கடன் வாங்கியிருந்த அடுக்குமாடி வீடு. அதிலிருந்து முதலில் வெளியேறியவள் நான். படி இறங்கிவிட்டால் பாத்தியதை போய்விடும் என்று உறவினர்கள் அடித்துச் சொன்னதை நம்பி, நான்கு மாதங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது கிரயப் பத்திரத்தின் நகலை. அதை நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, "வீடு யார் பெயரில், கடன் யார் பெயரில், குடியிருப்பது யார், இந்த மூன்றும் தனித்தனிக் கேள்விகள் அம்மா, சேர்த்துக் குழப்பிக்கொண்டுதான் எல்லோரும் இங்கே வருகிறார்கள்" என்றார். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் வீட்டில் குடியிருப்பதாலேயே மற்றவரின் பங்கு அழிந்துவிடாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கோவாவின் சிவில் சட்டத்தை விட்டுவிட்டால், இந்தியாவில் திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்து தானாகவே பாதிக்குப் பாதி ஆகிவிடும் என்ற பொது விதி கிடையாது. பத்திரத்தில் பெயர் இருக்கிறதா, பணம் யாரிடமிருந்து வந்தது என்பவைதான் பார்க்கப்படும். எங்கள் பத்திரத்தில் இரண்டு பெயர்களும் இருந்தன. ஆனால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு வரிகூட இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 45ஆவது பிரிவில், இருவர் தங்கள் பணத்தைப் போட்டு ஒரு சொத்தை வாங்கும்போது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், போட்ட பணத்தின் விகிதப்படியே பங்கு என்றும், விகிதத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு என்று கொள்ளப்படும் என்றும் சொல்கிறது. என் கணவர் பிடித்துக்கொண்டது இதன் முதல் பாதியை. மாதத் தவணை முழுவதும் தன் கணக்கிலிருந்தே போனது, ஆகவே வீடு பெரும்பகுதி தனக்கே என்பது அவர் வாதம்.

தவணை அவர் கணக்கிலிருந்து போனது உண்மை; என் சம்பளத்தில் ஒரு தொகை மாதந்தோறும் அவர் கணக்குக்குப் போனதும் உண்மை. அதை நிரூபிக்க, கடன் தொடங்கிய மாதத்திலிருந்து என் வங்கிக் கணக்கு விவரங்கள் அனைத்தையும் அச்செடுத்து, தரையில் பரப்பி, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இணையவழியில் பணம் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் ஏதாவது எழுதியாக வேண்டுமே என்று, ஆங்கில எழுத்தில் 'வீடு' என்று தட்டிவிடுவது என் வழக்கம். எந்த முன்யோசனையும் இல்லாமல் செய்த அந்தக் காரியம், அவருடைய தவணை தேதிக்கு இரண்டு நாட்கள் முன்பாக ஒவ்வொரு மாதமும் வரிசையாக வந்து நின்றது. சமரச மையத்தில் அந்தத் தாள்களை மேசைமேல் வைத்த பிறகு விகிதத்தைப் பற்றிய பேச்சு எழவில்லை. சமபங்கு என்று முடிவானது.

குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்த நாட்களில், மாமியார் பெயரில் உள்ள வீட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணுடன் பேச நேர்ந்தது. அவருடைய நிலை வேறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 17ஆவது பிரிவில் தரும் குடியிருக்கும் உரிமைக்குப் பெண்ணின் பெயரில் பத்திரம் தேவையில்லை. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் அதில் அடங்கக்கூடும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் அது குடியிருப்பதற்கான உரிமை மட்டுமே. அதை வைத்து வீட்டில் பங்கு கேட்க முடியாது.

வீட்டை நான் வைத்துக்கொள்வது, சந்தை மதிப்பிலிருந்து மீதிக் கடனைக் கழித்து வருவதில் பாதியை அவருக்குக் கொடுப்பது என்று பேசி முடித்தபோது வேலை முடிந்துவிட்டதாகவே நினைத்தேன். உண்மையான இழுபறி வங்கியில்தான் இருந்தது. கணவன் மனைவிக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது; அவர்கள் சம்மதிக்கும்வரை முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு. என் ஒருத்தியின் சம்பளத்தை வைத்துக் கடன் தகுதியை முதலிலிருந்து கணக்கிட்டார்கள், போதவில்லை என்றார்கள், என் அண்ணனை இணைக் கடன்தாரராகச் சேர்த்த பிறகே கணவர் பெயரை நீக்க ஒப்புக்கொண்டு தடையின்மைக் கடிதம் கொடுத்தார்கள். ஒரே சம்பளச் சான்றிதழை மூன்று முறை கேட்டு வாங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் இருவரும் சேர்ந்து கொடுக்கும் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையே ஆறு மாத இடைவெளி உண்டு. அதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், நாங்கள் அப்படிக் கேட்கவில்லை. வங்கி வேலைக்கு அந்த அவகாசம் தேவைப்பட்டது. கணவர் தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தையும் தீர்ப்புக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று வக்கீல் வற்புறுத்தினார். தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் குடும்ப உறுப்பினர்களுக்கிடையேயான விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை இருக்கிறது. தீர்ப்பு வந்த மறுநாள் கணவன், மனைவி என்ற உறவே இல்லாதபோது அந்தச் சலுகையை எந்த முகத்தோடு கேட்பது? சமரச ஒப்பந்தமே போதும், தனிப் பத்திரம் எதற்கு என்று என் அண்ணன் கேட்டார். வழக்குக்குப் பொருளாக இல்லாத அசையாச் சொத்து சமரசத் தீர்ப்பில் இடம்பெற்றால் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், விடுதலைப் பத்திரமே சிக்கலில்லாத வழியாக இருந்தது.

பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் போனால் என்ன செய்வது என்பது என் கணவரின் பயம். பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டாவது மனுவுக்கு வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது என் பயம். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால் இரண்டுமே வீண் பயமில்லை. ஆகவே முதல் மனுவின்போது ஒரு பகுதி, சார்பதிவாளர் முன் கையெழுத்திடும்போது வரைவோலையாகப் பெரும்பகுதி, தீர்ப்பன்று மீதி என்று மூன்றாகப் பிரித்தோம். பதிவன்று அவர் வரைவோலையில் தன் பெயரின் எழுத்துகளை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் விரல் ரேகை வைத்தார். நானும் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன்.

புதிய வில்லங்கச் சான்றிதழில் விடுதலைப் பத்திரத்தின் பதிவு ஏறியிருக்கிறது. மூலப்பத்திரம் கடன் தீரும்வரை வங்கியில்தான் இருக்கும். சொத்து வரியில் பெயர் மாற்றம் முடிந்துவிட்டது. மின் இணைப்பு மட்டும் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது, அதற்கான விண்ணப்பத்தைச் சென்ற வாரம் கொடுத்திருக்கிறேன்.