சல்மா அணை: 351 கோடி 1,775 கோடியான கணக்கு

ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாகாணத்தில், ஹரி ருத் ஆற்றின் குறுக்கே இந்திய அரசு கட்டி முடித்த சல்மா அணைக்கு 2004-இல் போட்ட மதிப்பீடு சுமார் 351 கோடி ரூபாய். முடிந்தபோது சுமார் 1,775 கோடி.

செலவை ஊழல் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களே, கட்டுமானச் சரக்கு போன பாதையைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் ஈரானின் பந்தர் அப்பாஸ். அங்கிருந்து இஸ்லாம் கலா எல்லைக்கு லாரியில் 1,200 கிலோமீட்டர். எல்லையிலிருந்து அணைக்கு இன்னும் 300. போர்ப் பகுதியில் ஒரு சரக்கு வழியில் நின்றால் தளத்தில் வேலை நிற்கும். காவல் செலவும் சம்பளமும் இயந்திர வாடகையும் நிற்காது. காலம் நீள நீள விலைவாசி ஏறும், திருத்திய மதிப்பீடு மறுபடி அமைச்சரவைக்குப் போகும். அந்த ஒப்புதல் வருவதற்குள் இன்னும் தாமதம்.

பாதியில் விட்டிருந்தால் போட்ட பணம் முழுக்க வீண். முடித்ததால் 2016 ஜூனில் 42 மெகாவாட் மின் நிலையத்தோடு அணை திறக்கப்பட்டது. 75,000 ஹெக்டேர் பாசனத்துக்கான திட்டம் அது!