புது டயர் வாங்கும் முன் பழைய டயரைத் தடவிப் பாருங்கள்

"எந்த பிராண்ட் நல்லது?" என்று கடையில் கேட்பதற்கு முன்னால், கழற்றப் போகிற டயரைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் நன்றாக இருந்தால், காற்று குறைவாக வைத்தே ஓடியிருக்கிறது. நடு மட்டும் வழுவழு என்றிருந்தால் காற்று அதிகம். ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம். ஏமாற்றுவது உள்பக்க ஓரத் தேய்மானம்தான். நின்றபடி பார்த்தால் தெரியாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்து, கையை உள்ளே விட்டுத் தடவினால்தான் பிடிபடும். பெரும்பாலும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் போடுகிற புது டயரும் அதே மாதிரிதான் தேயும்.

டிரெட், அதாவது சாலையைத் தொடும் பரப்பின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. ஆனால் மழையில் அதிகம் ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ. ஆனதுமே மாற்றுங்கள். அதற்குக் கீழே போனால் பள்ளங்களால் தண்ணீரை வெளியேற்ற முடியாமல், வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டீயரிங், பிரேக் இரண்டும் கைவிட்டுவிடும். பக்கச்சுவரில் முட்டை மாதிரி வீக்கம் தெரிந்தால் உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று பொருள். பஞ்சர் கடையில் அதற்கு வைத்தியம் கிடையாது.

சைஸ் விஷயத்தில் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்புங்கள். 195/65 ஆர்15 91வி என்றால் அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. அந்த வேகத்தில் யார் போகப் போகிறார்கள் என்று கேட்கலாம். இருந்தாலும் இவை இரண்டிலும் கீழே இறங்கக் கூடாது. அழகுக்காக 205/55 ஆர்16 போடுகிறவர்கள் உண்டு. மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறாது, ஆனால் பக்கச்சுவர் 127 மி.மீ.-இலிருந்து 113 மி.மீ. ஆகிவிடும். குண்டும் குழியுமான சாலையில் ரிம் நெளிவதற்கு அதுவே போதும். தினமும் அப்படிப்பட்ட சாலைதான் என்றால் என் ஓட்டு உயரமான பக்கச்சுவருக்கே.

வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருக்கும் இடங்களில் கோடைக்கால ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். அங்கே மூன்று முகடுள்ள மலையும் நடுவில் பனித்துகளும் பொறித்த குளிர்கால டயர் வேண்டும். வெயில் பிரதேசத்தில் அந்த டயரே எதிரி. மென்மையான ரப்பர் வேகமாகக் கரையும், பிரேக் தூரமும் கூடும்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம்: 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், மாட்டிய பிறகு தேடினால் கிடைக்காது.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால், முன்சக்கர இழுவைக் கார் ஆனாலும் புதியவை பின்னால் போகட்டும். கடைக்காரர் முன்னால் போடலாம் என்பார், விடாதீர்கள். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். ரப்பர் வால்வையும் கையோடு மாற்றுங்கள், பேலன்சிங் (சக்கர எடையைச் சமன் செய்வது) கட்டாயம். நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) கார் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். 80, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி சரிபாருங்கள்.