வயிறு சிறுத்த பிறகு: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். சின்னம்மா வீட்டில் இலை நிறையச் சர்க்கரைப் பொங்கல். "ஒரு வாய்தானேம்மா, சாமிக்குப் படைச்சது." கண்ணில் ஒற்றி நுனிநாக்கில் வைத்துக்கொண்டு, மீதியைத் தம்பி மகனிடம் தந்தேன். எடை குறைய வயிற்றைச் சிறிதாக்கி, நேரே சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் ஆப்பரேஷன் எனக்கு நடந்திருக்கிறது. அந்த வயிற்றில் இனிப்பு தங்காது. மளமளவென்று சிறுகுடலில் இறங்கிவிடும். நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், படுத்தே ஆகவேண்டும். சின்னம்மாவை உட்காரவைத்து இதைச் சொன்னேன். "அடுத்த தடவை உனக்குச் சுண்டல் தனியா எடுத்து வைக்கிறேன்" என்றார். நெஞ்சு நிறைந்துவிட்டது.

20 ஜனவரி, திங்கள்

ஈப்போவில் ஆண்டுப் பரிசோதனை. உடம்பில் இரும்பின் கையிருப்பு இறங்கியிருக்கிறது. இரும்பை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடலைத் தொடாமலே என் சாப்பாடு போகிறது, அதனால் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கக்கூடாது. 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேத்தண்ணியும் இரும்பைச் சேரவிடாது. வைட்டமின் பி12 ஊசியும் போட்டாயிற்று.

"இளைச்சிட்டே, இனிமே உனக்கென்ன" என்கிறது ஊர். ஆப்பரேஷன் அன்று ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை சொந்தங்கள்! துணை வேண்டியது இந்த ரத்தப் பரிசோதனைக்குத்தான். இங்கேதான் பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

25 ஜனவரி, சனி

முட்டிவலி. கிளினிக்கில் ஐபுபுரோஃபென் எழுதப் போனார் டாக்டர். பைபாஸ் என்றதும் பாராசிட்டமோலுக்கு மாற்றினார். ஐபுபுரோஃபென் வகை வலிமாத்திரை, வயிறும் குடலும் சேரும் தையலில் புண்ணை உண்டாக்கும். எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

செம்பனைத் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி வந்தாள். எடை குறைய வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் ஆப்பரேஷன் செய்து நான்கு மாதம் ஆகிறது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது என்று அழுதாள். எடை வேகமாக இறங்கும்போது அப்படி ஆவது வழக்கம், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும் என்றேன். சோற்றுக்கு முன்னால் முட்டை, மீன், பருப்பு. நாளுக்கு 60 கிராம் புரதமாவது சேரவேண்டும்.

பேச்சுவாக்கில்தான் அடுத்ததைச் சொன்னாள். கொஞ்ச நாளாகவே எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. இப்போது கால் மரத்துப்போகிறது. "ஆப்பரேஷன் செஞ்ச வயிறு அப்படித்தான் இருக்கும்" என்றாராம் மாமியார். எனக்குப் பகீரென்றது. வாந்தி ஓயாவிட்டால் வைட்டமின் பி1 சத்து வற்றிவிடும். உடம்பில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் காணும். நரம்பும் மூளையும் மீளாமலே கெட்டுப்போகலாம். காத்திருக்கிற விஷயமா இது? அண்ணன் காரிலேயே அவசரப் பிரிவுக்குப் போனோம். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் இன்னும் மோசமாகலாம் என்பதால், ஆப்பரேஷன், வாந்தி, கால் மரப்பு மூன்றையும் தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். அங்கிருந்த டாக்டர் படித்துவிட்டு பி1 ஊசியைத்தான் முதலில் போட்டார்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். ஈப்போ கல்லுமலையில் நல்ல வெயில். எனக்கு மடக்கென்று தண்ணீர் குடிக்க முடியாது. போத்தலைக் கையிலேயே வைத்து மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டு நடந்தேன். பந்தலில் நீட்டிய சிரப் தண்ணீரைக் கும்பிட்டு மறுத்தேன்.

தங்கச்சிக்கு வாந்தி நின்றுவிட்டது. காலில் மரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மருந்து தொடர்கிறது. மார்ச்சில் அவளுக்கு மறுபரிசோதனை. என்ன சமைக்கலாம் என்று டாக்டரிடமே கேட்கவேண்டுமாம், மாமியாரும் வருகிறார். அண்ணனிடம் கார் சொல்லிவைத்துவிட்டேன்.