மினிய விடுங்கோ, முதல்ல ஒரு படிக்கட்டைச் செய்யுங்கோ

டேபிள்டொப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுத்தி இருந்து ஆளுக்கொரு பாத்திரமா கதை சொல்லித் தாயம் உருட்டி ஆடுற விளையாட்டு, அதை விளையாடத் தொடங்கிற பெடியள் எல்லாரும் முதல் கேக்கிறது மினி (பாத்திரத்துக்கு வைக்கிற சின்னப் பொம்மை) எங்க வாங்கலாம் எண்டுதான். திருகோணமலை டவுனில அதுக்கெண்டு ஒரு கடை இல்ல, வெளிநாட்டில இருந்து எடுப்பிச்சா மினியின்ர விலையவிட அனுப்புற காசும் வரியும் கூட, கடைசியா கைக்கு வாறது வாளும் கையும் வேற வேறயா உடைஞ்ச ஒரு எல்ஃப். அதால நான் சொல்லுறது, மினியில காசைக் கொட்டாதேங்கோ. ரெஜிபோமும் (தெர்மோகோல்) பைண்டர் கம்மும் எடுத்து ஒரு படிக்கட்டும் ரெண்டு இடிஞ்ச சுவரும் செய்யுங்கோ, ஆட்டத்த மாத்துறது அதுதான்.

மினி சொல்லுற விசயம் ஒண்டே ஒண்டு, நான் இங்க நிக்கிறன் எண்டு. அதைச் சொல்லத் தண்ணிப் போத்தில் மூடியே காணும். டி அண்ட் டியில (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், நாங்கள் ஆடுற ஆர்பிஜி) ஒரு அங்குலக் கட்டம் எண்டா 5 அடி, சாதாரண ஆளுக்கு ஒரு கட்டம், ஓகர் மாதிரிப் பெரிய ராட்சத ஆக்களுக்கு ரெண்டுக்கு ரெண்டு, மூடி கட்டத்துக்கு வெளிய கொஞ்சம் தள்ளும், தள்ளட்டும். மேல பேரை எழுதி ஒட்டிவிடுங்கோ. கொஞ்சம் வடிவா வேணுமெண்டா படத்தைப் பிரின்ற் எடுத்து பிரிஸ்டல் போட்டில ஒட்டி நிமித்தி வச்சாப் போதும், தள்ளி நிண்டு பாத்தா மினிதான்.

இதுக்கு வெக்கப்படவும் தேவையில்ல. 1974இல வந்த முதல் டி அண்ட் டி புத்தகத்தின்ர அட்டையிலயே பேப்பர், பென்சில், மினியேச்சர் எண்டு போட்டிருந்தது, ஏனெண்டா அது மினி வச்சு ஆடுற போர் விளையாட்டில இருந்துதான் வந்தது. ஆனா அதை எழுதின கேரி கைகாக்ஸே மலிவுக் கடையில ஹொங்கொங் பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒண்டு வாங்கி, அதுக்குள்ள கிடந்த என்னெண்டே தெரியாத உருவங்களை மேசையில விட்டவர், டி அண்ட் டியில வாற ரஸ்ட் மொன்ஸ்டர், அவுல்பேர் எண்ட பூதங்கள் அங்க இருந்து வந்ததுகள்தான். கோணேசர் கோயிலுக்கு ஏறுற வழியில இருக்கிற கடையள்ல தொங்குற பிளாஸ்டிக் மிருகப் பையை நான் அந்தக் கண்ணோடதான் பாப்பன், அதில வாற முதலை ஒண்டு எங்கட ஆட்டத்தில இதுவரைக்கும் ஆரும் கொல்லாத வில்லன்.

சீனரிக்கு, அதாவது மேசையில வைக்கிற சுவர், படிக்கட்டு மாதிரிச் சாமானுக்கு வருவம். சுவருக்குப் பின்னால பாதி மறைஞ்சு நிண்டா ஏசிக்கு (உங்களில அடி படாமக் காக்கிற எண்) 2 கூடும், முக்கால்வாசி மறைஞ்சா 5. கல்லும் முள்ளுமான இடத்தில ஒரு அடி போக ரெண்டு அடி செலவாகும், 30 அடி ஓடுறவன் 6 கட்டத்துக்குப் பதிலா 3 கட்டம்தான் போவான். 10 அடி உயரத்தில இருந்து விழுந்தா ஒரு ஆறுமுகத் தாயக்கட்டையை உருட்டி வாற எண் அளவுக்குக் காயம். இதெல்லாம் ரூல்புக்கில எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், ஆனா டீஎம் (கதையை நடத்துறவர்) வாயால "இடப்பக்கம் ஒரு குட்டைச் சுவர் இருக்கு" எண்டு சொன்னா கொஞ்ச நேரத்தில சொன்ன டீஎம்முக்கே அது மறந்துபோகும். சுவரைத் தூக்கி மேசையில வச்சுப் பாருங்கோ, வில்லுக்காரன் தன்ர முறை வரமுன்னமே அதுக்குப் பின்னால போறதுக்குக் கட்டம் எண்ணிக்கொண்டிருப்பான்.

நாங்கள் எங்கட டவுனில இருக்கிற பிரெட்றிக் கோட்டையை வச்சு ஒரு ஆட்டம் செய்தனாங்கள். போத்துக்கீசர் 1624இல கட்டி, பிறகு ஒல்லாந்தர், பிறகு வெள்ளைக்காரன் எண்டு கைமாறின கோட்டை, இதவிட ரெடிமேட் கதை எங்க கிடைக்கும்? வாசல் வளைவும் ஏத்தப் பாதையும் ரெஜிபோமில, மற்றதெல்லாம் சும்மா மட்டையில கீறினது. உள்ளுக்கு மானையும் வச்சம், மான் நிக்காட்டி அது எங்கட கோட்டையே இல்ல. வடிவுக்குத்தான் வச்சது. எங்கட செற்றில மூதூர்ப் பெடியன் ஒருத்தன், அவன் கொஞ்ச நேரம் மானையே பாத்துக்கொண்டிருந்திட்டு, "அண்ணை, நான் தீப்பந்தத்தக் கொளுத்தி மான் எல்லாத்தையும் வாசல் பக்கம் கலைச்சா காவல்காரர் என்ன செய்வினம்?" எண்டு கேட்டான். என்ன செய்வினம், ஓடுவினம். அந்த மானை நான் வாயால மட்டும் சொல்லியிருந்தா ஒருத்தரும் அதைத் தொட்டிருக்கமாட்டினம்.

ஆனா இதுக்கு மற்றப் பக்கமும் இருக்கு. மேசையில இல்லாத சாமான் உலகத்திலயே இல்லை எண்டமாதிரி ஆயிடும். வாயால மட்டும் ஆடேக்க "மேல தொங்குற விளக்கு ஏதும் இருக்கோ, கயிறு கிடக்கோ" எண்டு கேக்கிறவன், மேசையில எல்லாத்தையும் பரப்பினாப் பிறகு கேள்வியே கேக்கமாட்டான், கண்ணுக்குத் தெரியிறத மட்டும் வச்சு யோசிப்பான். அதோட சீனரி எடுத்து வச்ச உடன எல்லாருக்கும் சண்டை மணம் அடிச்சிடும், தேத்தண்ணிக் கடைக்காரனோட ரெண்டு வார்த்தை கதைக்கட்டும் எண்டு வச்ச இடத்தில "இனிசியேட்டிவ் உருட்டவோ", அதாவது சண்டையில ஆர் முதல் எண்டு தாயம் போடவோ எண்டு நிப்பாங்கள். அதால சண்டையே இல்லாத இடத்துக்கும் இடைக்கிடை சீனரி வைக்கவேணும், சந்தை, வள்ளம் கட்டுற துறை அப்பிடி. வெறும் கதையா போற இடத்தில மேசையைத் துடைச்சுவிட்டிடவேணும், ஒரு மூடிகூட இருக்கப்படாது.

செய்யிற விதம் கொஞ்சம் சொல்லுறன். ரெஜிபோமுக்குக் காசு குடுக்காதேங்கோ, ரிவி, பிரிஜ் வந்த பெட்டிக்குள்ள கிடக்கும், மீன் பெட்டி உடைஞ்சதும் கிடைக்கும், ஆனா மீன் பெட்டியைச் சவுக்காரம் போட்டுக் கழுவி வெயில்ல வச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள கொண்டரவேணும், இல்லாட்டி அம்மா உங்களையும் சேர்த்து வெளிய வச்சிடுவா. கட்டருக்குப் புது பிளேட் போடுங்கோ, மழுங்கின பிளேட் எண்டா மணி மணியாப் பிஞ்சு வீடு முழுக்கப் பறக்கும். ஸ்பிரே பெயின்ற் நேர அடிச்சா அதில இருக்கிற கரைப்பான் ரெஜிபோமைத் தின்னும். முதல்ல கறுப்பு அக்ரிலிக்கும் பைண்டரும் கலந்து ஒரு ஓட்டை இல்லாமப் பூசிக் காய விடுங்கோ. பாறை வேணுமெண்டா டிஷூ பேப்பரைப் பைண்டரில தோய்ச்சு ஒட்டினா சுருக்கம் தன்ர பாட்டில விழும், பிறகு பிறஷ்ஷில பெயின்ற் கிட்டத்தட்ட இல்லை எண்ட அளவுக்குத் துடைச்சுப்போட்டு சாம்பல் நிறத்த மேலால தடவினா மேடு மட்டும் வெளிச்சமா எழும்பி வரும். இந்த ஒரு வேலைதான் ரெஜிபோமைக் கல்லாக்கிறது.

கடல் மண் எங்களுக்குச் சும்மா கிடைக்கும். ஆனா நல்லதண்ணியில ரெண்டு மூண்டுதரம் அலசிக் காய வையுங்கோ, உப்பு இருந்தா ஈரத்த இழுத்துக்கொண்டே இருக்கும். புறாமலைத் தீவில இருந்து பவளப்பாறை பொறுக்கிற யோசனை இருந்தா விடுங்கோ, அது தேசிய பூங்கா. 3டி பிரின்ற் அடிச்சு வச்சிருக்கிறவங்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக் சாமான வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டிட்டுப் போகாதேங்கோ, 60 பாகை செல்சியஸ் கிட்ட வந்தாலே அது இளகும், கோபுரம் கும்பிடுற நிலையில நிக்கும்.

உயரத்துக்கு ஒரு யோசனை. அங்குலத்துக்கு 5 அடி எண்டு கணக்குப் பாத்தா 300 அடிப் பாறைக்கு 60 அங்குலம் வேணும், மேசைக்கு மேல 5 அடி! கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையின்ர கடல் பக்கத்த ஆரும் அப்பிடிக் கட்டேலாது. நாங்கள் மேசையின்ர விளிம்பையே பாறை விளிம்பாக்கினம், கீழ தரை கடல். ஆரையும் தள்ளி விழுத்தினா மூடி உண்மையாவே கீழ விழும், நாய் கவ்விக்கொண்டு ஓடினா சுறா எண்டு வச்சுக்கொள்ளுறது.

எங்கட அடுத்த ஆட்டம் சீனக்குடா எண்ணெய்த் தாங்கியள்ல. 99 இருக்கு அங்க, காடு மண்டித் துருப்பிடிச்சு நிக்கிறத ஒருக்கா பாத்தவனுக்கு டன்ஜன் (பூதம் ஒளிச்சிருக்கிற இருட்டு இடம்) எழுத வேற இடம் தேவையில்ல. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் வந்து குண்டு போட்ட நாளுக்கு அடுத்த நாள் கதை தொடங்குது, இதுக்கு மேல சொல்லமாட்டன், எங்கட பெடியளும் வாசிப்பாங்கள். தாங்கி செய்ய வேணும், பால்மா டின், பெரிய பிஸ்கட் டின், வட்டமா இருக்கிற எதுவும் எறியாதேங்கோ, உப்புவெளிப் பக்கம் இருக்கிறாக்கள் சொன்னா நானே வந்து எடுக்கிறன், மூடி இல்லாட்டியும் பரவாயில்ல.