ஒசகோட்டை ஆயா

சென்னையிலிருந்து ரயிலில் பெங்களூர் போகிறவர்கள் பெரும்பாலும் கண்டோன்மென்ட்டிலோ சிட்டி ஸ்டேஷனிலோதான் இறங்குவார்கள். எங்கள் வீட்டார் கிருஷ்ணராஜபுரத்திலேயே இறங்கிவிடுவோம். தொங்கு பாலத்துப் பக்கம் பஸ் பிடித்து, பழைய மதராஸ் ரோட்டில் கிழக்கே போனால் ஒசகோட்டை. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இன்னும் உள்ளே போனால் அம்மாவின் பெரியம்மா இருக்கும் ஊர். எனக்கு அவர் ஆயா. எண்பதைத் தாண்டிவிட்டார்.

2026-ஐப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்த செய்தியைப் படித்ததிலிருந்தே ஆயாவின் நினைப்பு. பொங்கல் முடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

வழியெல்லாம் கிடங்குகள். நடுநடுவே கேழ்வரகு அறுத்த தாளோடு ஒரு துண்டு நிலம், அதை ஒட்டித் தைலமரத் தோப்பு. சின்ன வயதில் வந்தபோது இந்த ரோட்டில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பிவைத்திருப்பார்கள். லாரி ஏறி மிதித்தே போரடித்துவிடும். இப்போது இருக்கிற போக்குவரத்தில் அது முடியாது.

போய்ச் சேர்ந்தபோது திண்ணையில் நாலைந்து பெண்கள் அன்னக்கூடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவரைக்காய்ப் பருவம். முதல்நாள் இரவே ஊறவைத்த கொட்டையை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் எடுக்க வேண்டும். பிதுக்கம்பருப்புக் குழம்பும் களியும் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் இந்த வேலைக்கும் உட்கார வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். "வா கண்ணு, கை கழுவினு வந்து குந்து" என்றார் ஆயா. அவ்வளவுதான் வரவேற்பு. எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சந்தையில் பாதிக்குமேல் தெலுங்கு. மூன்று ஏக்கர் மானாவாரி, ஒரு கிணறு, இரண்டு மாடு, ஐந்து பிள்ளைகள். விடிவதற்குள் கீரைக்கட்டை மூட்டை கட்டி, முதல் பஸ்ஸில் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் போய் விற்றுவிட்டு, பத்து மணிக்குள் திரும்பிக் களை எடுக்கப் போவார். இதையெல்லாம் ஆயா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஊர் வேலை பற்றிக் கேட்டபோதுதான் பிதுக்குகிற கை நின்றது.

போலியோ சொட்டு மருந்து முகாம் 1995-ல் தொடங்கியது. இந்தப் பக்கம் மாலூர் வரைக்கும் செங்கல் சூளைகள். தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஆந்திரப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து வேலை செய்வார்கள். நர்ஸம்மா கன்னடத்தில் கூப்பிட்டால் தாய்மார்கள் பயந்து, குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்களாம். அதனால் ஆயா கூடவே நடந்தார். "ஐஸ் பொட்டிய நான் தூக்கினு போவேன். அவங்க ஊர் பேரக் கேட்டு, யாரு என்னான்னு ரெண்டு வார்த்தை பேசினா போதும், கொழந்தைய அவங்களே குடுப்பாங்க." சொட்டு விட்டதும் இடது சுண்டுவிரலில் மை வைப்பது ஆயாவின் வேலை. சம்பளம் கிடையாது. முகாம் நடந்த ஞாயிறு ஒவ்வொன்றும் அவருக்குச் சந்தை வருமானம் போன நாள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுவகைப் போலியோ வைரஸால் யாரும் பாதிக்கப்படவில்லை. அந்த வெற்றியில் ஆயாவின் கால்வலிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிக் கலவரம் மூண்டபோது, நகரத்திலிருந்து கிளம்பிய கட்டட வேலைக் குடும்பங்கள் சில இந்த வழியாக நடந்தே வந்திருக்கின்றன. ஆயா அவர்களை மாட்டுக் கொட்டகையில் தங்கவைத்தார். வாசலில் கட்டில் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தது எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா. "களி கிண்டிப் போட்டோம். அவ வூட்டு மாவும் நம்ம வூட்டு மாவும். யாருது எவ்ளோன்னு அப்பறம் கணக்கு பாக்கல." அந்த அம்மா இப்போது இல்லை. அவருடைய மருமகள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தார்.

ஆயா செய்ததிலேயே பெரியது என்று எனக்குப் படுவது வேறு. தாத்தா 1996-ல் இறந்தார். கர்நாடகத்தில் 1994-லேயே பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களைப் போலப் பிறப்புரிமை வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. ஆயாவின் மூத்த மகள் 1989-லேயே கல்யாணமாகிப் போனவர். இளையவருக்கு அப்போது ஆகவில்லை. சட்டப்படி இளையவருக்குப் பெரிய பங்கு. மூத்தவருக்கு அப்பாவின் பங்கிலிருந்து வரும் சின்னத் துண்டு மட்டும். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டு பெண்ணுக்கும் பையன்களுக்கும் சமமாகப் பிரித்தால்தான் கைநாட்டு வைப்பேன் என்று சொல்லிவிட்டார். மாமாக்கள் ஒரு வருஷம் முகம்கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அப்படியே பிரித்தார்கள். பஹணி என்கிற நிலப் பதிவேட்டில் ஆயாவின் பெயர் ஏறியதும் அப்போதுதான். அதற்கு முன் முப்பத்தைந்து வருஷம் அந்த மண்ணில் அவர் விதைத்ததற்கும் அறுத்ததற்கும் எந்தக் காகிதத்திலும் அடையாளம் இல்லை. 2015-16 இந்திய வேளாண் கணக்கெடுப்பிலேயே, நிலம் வைத்துப் பயிர் செய்வோராகப் பதிவானவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். வயலில் குனிந்து நிற்கிறவர்களைப் பார்த்த யாரும் இந்த எண்ணை நம்ப மாட்டார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அன்றிலிருந்து நிலக் காகித விஷயம் என்றால் ஊர்ப் பெண்கள் ஆயாவிடம்தான் வருகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் எந்த ஜன்னலில் எந்தக் காகிதம் என்று தெரியும்.

மறுநாள் காலை என்னையும் நாட கச்சேரிக்கு, அதாவது உள்ளூர் வருவாய்த்துறை அலுவலகத்துக்கு, இழுத்துக்கொண்டு போனார். பக்கத்துத் தெருவில் போன ஐப்பசியில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குப் பௌதி காதா மாற்ற வேண்டும், அதாவது இறந்தவர் பெயரில் இருக்கும் நிலத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்கள், குடும்பத்தார் பெயரெல்லாம் எழுதிய வம்சவிருட்சம் எல்லாம் வேண்டும். கொழுந்தனார் எழுதிக் கொடுத்த வம்சவிருட்சத்தை ஆயா என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். ரெண்டு மகன்கள் பெயர் இருந்தது.

"பொண்ணுங்க ரெண்டு பேரு எங்க?" என்றார்.

வெளியே ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதினேன், நாலு பிள்ளைகள் பெயரோடும். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பம் கொடுத்து ரசீது வாங்கும்போது மணி ஒன்று. சின்ன மகளின் ஆதார் நகல் மட்டும் பாக்கி, அதைத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள். திங்கட்கிழமை தானும் வருவதாக ஆயா அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கொய்யாக்காய் வாங்கிக் கொடுத்தார்.