லாஜ்பத் நகரில் வெள்ளிக்கிழமை மதியங்கள்

10 ஜனவரி 2025, வெள்ளி

டெல்லியில் நேரு பிளேஸ் அலுவலகத்திலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் லாஜ்பத் நகர். சந்தைக்குப் பின்னால் உள்ள சந்துகளில் நுழைந்தால் மருந்துக்கடைக்கும் விடுதிக்கும் ஆப்கானியர்களின் தாரி மொழியில்தான் பெயர்ப்பலகை. 1947 பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களைக் குடியமர்த்திய இப்பகுதிக்கே, 1979இல் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்த பிறகும், தொண்ணூறுகளின் உள்நாட்டுப் போரிலும், 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலைப் பிடித்த பிறகும் ஆப்கானியர்கள் வந்து சேர்ந்தார்கள்.

நான் போன உணவகம் சிறியது. எட்டு மேசைகள், சுவரோரமாகக் கம்பளம் விரித்த ஓர் உயரமான திண்ணை. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் சம்மணமிட்டு உட்கார்ந்து டிக்கா கபாப் கேட்டேன். நீள நானின் மேல் கம்பியிலிருந்து உருவிய ஆட்டிறைச்சித் துண்டுகள், இடையிடையே கொழுப்புத் துண்டுகள், பக்கத்தில் பச்சை வெங்காயமும் எலுமிச்சையும். வாயில் வைத்தால் உப்பும் புகையும் மட்டுமே தெரிந்தன. கபாப் என்றால் மிளகாயும் கரம் மசாலாவும் ஊறியிருக்க வேண்டும் என்று பழகிய நாக்குக்கு இது பத்தியச் சாப்பாடாகவே பட்டது. பச்சைச் சட்னியின் தயவில் ஒருவாறு முடித்து, கொழுப்பையெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டேன். தட்டை எடுக்க வந்த பெரியவர் அந்த ஓரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

17 ஜனவரி, வெள்ளி

ஏன் மறுபடியும் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை; அந்த நானுக்காக என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு முழத்துக்கும் மேல் நீளம், விரல்களால் அழுத்திய வரிகள், மேலே கருஞ்சீரகம். பக்கத்து ரொட்டிக்கடையில் தந்தூரின் உட்சுவரில் அறைந்து சுட்டது அப்படியே சூடாக வருகிறது.

இன்று அடுப்புக்கு அருகிலேயே இடம் கிடைத்தது. வாய்க்கால் போல நீண்டு குறுகிய இரும்புத் தொட்டியில் கரி. அதன் இரு விளிம்புகளிலும் தங்கும்படி தட்டையான கம்பிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒருவர் அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். கொழுப்பு உருகி அடுத்திருக்கும் இறைச்சியின் மேல் வழிகிறது; மிஞ்சியது கரியில் சொட்டி, சீறி, புகையாகி மறுபடி இறைச்சிக்கே வருகிறது. போன வாரம் நான் ஒதுக்கிவைத்ததுதான் இந்தக் கபாபின் மசாலா என்பது அங்கே நின்று பார்த்தபோதே உறைத்தது. பெரியவர், ஒரு துண்டு இறைச்சியையும் ஒரு துண்டு கொழுப்பையும் சேர்த்து நானில் சுருட்டி, வெங்காயத்தோடு ஒரே வாயாகச் சாப்பிட வேண்டும் என்று இந்தியில் சொன்னார். அவருடைய ஊரில் வால் முழுதும் கொழுப்பாகத் தொங்கும் தும்பா ஆட்டின் வாலையே வெட்டிச் செருகுவார்களாம். இங்கே கசாப்புக்கடையில் கிடைக்கும் கொழுப்பை வைத்துச் சமாளிப்பதாகச் சொல்லி உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அந்தச் சமாளிப்பே போதுமானதாக இருந்தது.

24 ஜனவரி, வெள்ளி

இன்று இறைச்சி முற்றல். மென்று தாடை வலித்ததுதான் மிச்சம். தோக் மட்டும் நன்றாக இருந்தது: நம்முடைய நீர்மோர்தான், கறிவேப்பிலைக்குப் பதிலாக உலர்ந்த புதினாவும் பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயும்.

31 ஜனவரி, வெள்ளி

அலுவலக நண்பர் ஒருவர் உடன் வந்தார். உட்கார்ந்ததும் 'ஆப்கானி சிக்கன்' கேட்டார். முந்திரி விழுதும் பாலாடையும் சேர்த்து வெள்ளையாகச் செய்யும் அந்தப் பண்டம் டெல்லிக்காரர்களின் கைவண்ணம் என்பது பரிமாறுபவர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

காபூலி புலாவ் வாங்கினோம். சோற்றுக்குள் புதைந்த ஆட்டுக்கால், மேலே சீவிய கேரட், உலர்திராட்சை. 'சேலா' என்கிற அரிசியில் சமைத்தது என்றார்கள்; சேலா என்றால் வேறொன்றுமில்லை, பாஸ்மதியின் புழுங்கலரிசி. உலை நாற்றம் பிடித்தது என்று சொல்லிப் பிரியாணிக்குப் புழுங்கலரிசியை எங்கள் வீட்டில் தொடவே மாட்டார்கள். இங்கே அதுவே இறைச்சிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, குழையாமல், பருக்கை பருக்கையாக நின்றது.

14 பிப்ரவரி, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து இரண்டு மணிக்குத்தான் கூட்டம் வரும் என்பதை இப்போது கற்றுக்கொண்டேன். ஒரு மணிக்கே போய்விட்டால் பெரியவருக்குப் பேச நேரம் இருக்கிறது. சிகிச்சைக்காகக் காபூலிலிருந்து வந்து குடும்பத்தோடு மாதக்கணக்கில் தங்குபவர்களே முன்பு பாதி வாடிக்கையாளர்கள் என்றும், 2021க்குப் பிறகு விசா கிடைக்காமல் அந்தக் கூட்டம் குறைந்துபோனது என்றும் சொன்னார்.

சப்ளி கபாபில் மட்டும் மசாலா உண்டு. கொத்திய இறைச்சியில் ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதையும் மாதுளை விதையும் கலந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, எண்ணெயில் பொரிக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு முன்பு இதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். இன்று அதில் பாதியைப் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு ஒரு கம்பி டிக்கா வாங்கினேன்.

எங்கள் சாம்பாருக்கு ஆப்கானிஸ்தானத்துப் பெருங்காயம் வருகிறது, உங்கள் சமையலில் அது எங்கே என்று கேட்டேன். ஆட்டிறைச்சியை உப்பும் பெருங்காயமும் தடவிக் குளிர்காலத்துக்காக உலர்த்தும் லாந்திக்கு மட்டும் போடுவோம், மற்றபடி அந்த வாடை வேண்டாம் என்று முகத்தைச் சுளித்தார். 2020 அக்டோபரில் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பெருங்காயச் செடி நட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

28 பிப்ரவரி, வெள்ளி

இரண்டு கம்பி டிக்கா, நான், ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர். இன்று மாலை பிறை தெரிந்தால் நாளையே, இல்லாவிட்டால் ஞாயிறன்று ரமலான் நோன்பு தொடங்கிவிடும், பிறகு ஒரு மாதம் மதியத்தில் அடுப்பு எரியாது என்று பெரியவர் சொன்னார். மாலையில் வரலாமா என்றேன். ஆறு மணிக்கு மேல் வந்தால் நிற்கக்கூட இடமிருக்காது, ஐந்தரைக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார்.